தட்டில் இருக்கும் உதயசூரியன்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் பக்கத்தில் ஒரு மாடி வீடு. சித்திரை வெயில் மொட்டை மாடி வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போது, நண்பர் மின்விசிறியை நிறுத்திவிட்டார். அது ஓடினால் தூசி கிளம்பித் தட்டில் உட்காருமாம். ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு கழுவினார். குழாய்த் தண்ணீர் ஆகாது. பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர்தான், அதில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கிற திரவம். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையக் கூடாது. நனைந்தால் அந்தத் தட்டின் ஜாதகமே போச்சு. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, நிமிர்த்தி வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தோம். காபி வந்தது. நாலடி தள்ளி உட்கார்ந்து குடிக்கச் சொன்னார்.

முள் இறங்கியது. வாணலியில் கடுகு பொரிகிற சத்தம் இரண்டு விநாடி. பிறகு எம்.எஸ்.விஸ்வநாதனின் வாத்தியங்கள், அதன் மேல் டி.எம்.சௌந்தரராஜன். ‘அன்பே வா’ படத்தில் எம்.ஜி.ஆர். சிம்லாவில் துள்ளிக்கொண்டு வருவாரே, அந்தப் பாட்டு. நானும் கூடவே முணுமுணுத்தேன். ஓரிடத்தில் என் வாய் ஒன்று சொன்னது, தட்டு வேறொன்று சொன்னது. நான் பாடியது ‘புதிய சூரியன்’. தட்டு பாடியது ‘உதய சூரியன்’.

நண்பர் சிரித்தார். “நீங்க டி.வி.யில படம் பார்த்து மனப்பாடம் பண்ணவர் சார். நான் தட்டு கேட்டு வளந்தவன்.”

வாலி எழுதியது ‘உதய சூரியன்’தான். படம் வந்தது 1966 பொங்கலுக்கு. மறு வருஷம் தேர்தல். தி.மு.க.வின் சின்னம் பாட்டில் வருவதைத் தணிக்கைக் குழு ஒப்பவில்லை. ஒரு சொல்லை மாற்றிப் படத்தை வெளியே விட்டார்கள். தணிக்கையின் கை படத்தோடு நின்றுவிட்டது, தட்டுக்கு எட்டவில்லை. அதே வருஷக் கடைசியில் வந்த ‘பெற்றால்தான் பிள்ளையா’விலும் இதே கதை. தட்டில் அறிஞர் அண்ணா பெயர் இருக்கிறது. படத்தில் அந்த இடத்தில் திரு.வி.க. வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு தேர்தலுக்கு முந்தைய தமிழ்நாட்டின் காய்ச்சலை இந்த இரண்டு தட்டுகளும் இரண்டு சொற்களில் பிடித்து வைத்திருக்கின்றன. படம் மட்டும் மிஞ்சித் தட்டெல்லாம் எடைக்குப் போயிருந்தால், நமக்குத் தெரிந்திருப்பது ‘புதிய சூரியன்’ மட்டும்தான்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட தட்டுகளைத் தேடிப் பிடித்து, கழுவி, கணினியில் ஏற்றி, முதல் பதிவு முதல் பதிவாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டார்கள். காரணம் கடைசியில் வரும்.

ஆர்.ஆர். என்றால் இங்கே வேறு

கோடம்பாக்கத்தில் யாரிடமாவது ‘ரீ-ரெக்கார்டிங்’ என்று சொல்லிப் பாருங்கள். பின்னணி இசைச் சேர்ப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். “படம் ஆர்.ஆர்.ல இருக்கு” என்றால் வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பாட்டையே மறுபடி பாடிப் பதிவு செய்வது என்ற பொருளில் அந்தச் சொல் இங்கே புழங்கியதே இல்லை.

அந்தப் பொருளை உலகம் முழுக்கப் பேச வைத்தவர் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் உரிமை, அதாவது மூலப் பதிவின் உரிமை, 2019-ல் அவர் விரும்பாத ஒருவர் கைக்குப் போனது. பாட்டை எழுதியவர் என்ற உரிமை அவரிடமே இருந்ததால், அதே பாட்டுகளை மறுபடி பாடி, ‘டெய்லரின் வடிவம்’ என்று தலைப்பிலேயே அடைப்புக்குறி போட்டு வெளியிட ஆரம்பித்தார். 2021-ல் இரண்டு, 2023-ல் இரண்டு. ரசிகர்கள் புதியதை வாங்கினார்கள், பழையதைப் புறக்கணித்தார்கள். ஆனால் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் பழைய கோப்புகளைச் சத்தம் போடாமல் சேர்த்து வைத்தது. பதினெட்டு வயதுக் குரலில் இருந்த பதற்றம் முப்பது வயதுக் குரலில் வரவில்லை என்பது அவர்கள் கட்சி. 2025 மே மாதம் அவர் பழைய மாஸ்டர்களையே விலை கொடுத்து வாங்கிவிட்டார். இனி இரண்டும் அவருடையவை.

அங்கே விவகாரம் சுத்தமாக இருக்கிறது. எது பழையது, எது புதியது என்று உறையிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊர் அப்படி இல்லை. இங்கே பாட்டு மாறும், உறை மாறாது.

ஒரே படத்தின் பாட்டு நம்மிடம் எத்தனை உருவில் இருக்கிறது பாருங்கள். படத்தில் ஒரு வடிவம். தட்டில் ஒன்று: 78 வேகத் தட்டு என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான், அதற்குள் அடங்கியாக வேண்டும். பிறகு இ.பி., எல்.பி., கேசட், சி.டி. அதன் பிறகு ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்று ஒன்று. இப்போது போனில். ஒன்றில் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும். ஒன்றில் தொடக்க இசை பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். ஒன்றில் வேகம் கொஞ்சம் ஏறி, பாடகருக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கும். இடது காதில் வர வேண்டிய வயலின் வலது காதில் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே படம், ஒரே ஆண்டு.

உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்த வேலை நினைவுக்கு வருகிறது. கிடைத்த சுவடிகளை எல்லாம் அருகருகே வைத்துப் பார்த்தார். வேறுபடும் இடங்களைப் பாடபேதம் என்று குறித்தார். தமக்குப் பிடிக்காத பாடத்தை அவர் அடுப்பில் போடவில்லை. பவர் ஹவுஸ் பக்கத்து மாடி வீட்டில் நண்பர் செய்வதும் பாடபேதக் கணக்குத்தான். அவருக்கு உரை எழுத வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவின் கேசட்டும் என் பாவமும்

தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கேசட்டை மதிப்பதில்லை. நான் கேசட் காலத்துப் பிள்ளை, எனக்கு அந்தக் கோபம் உண்டு.

எண்பதுகளில் பாட்டு வேண்டும் என்றால் ரெக்கார்டிங் சென்டருக்குப் போக வேண்டும். பேப்பரில் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். அறுபது நிமிட கேசட்டில் இத்தனை, தொண்ணூறில் இத்தனை என்று கடைக்காரர் மனக்கணக்குப் போடுவார். “கடைசிப் பாட்டு முழுசா வராது தம்பி, மாத்திக்கோ” என்பார். அவரிடம் எல்.பி. இருக்கும், அதிலிருந்து நேராக நமக்குப் பதிவாகும். நாலு நாள் கழித்துப் போனால் உள்ளே இருக்கும் அட்டையில் பாட்டுப் பெயர்களை முத்து முத்தாக எழுதி வைத்திருப்பார். இன்றைக்கு அந்தக் கேசட்டுகளில் சில, எல்.பி.யே அழிந்துவிட்ட பாட்டுக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி. திருட்டுப் பதிவுதான், சந்தேகமில்லை. திருடியவர் வீட்டில் இருந்ததால்தான் பொருள் பிழைத்தது என்பதும் உண்மை.

பாட்டு மட்டும் இல்லை. ‘திருவிளையாடல்’ வசனம் தட்டாக ஓடியது. 1984-ல் ‘விதி’ படத்தின் கோர்ட் வசனம் கேசட்டாக வந்தபோது, டீக்கடை, கல்யாண வீடு, காதுகுத்து என்று மைக் செட் கட்டிய இடமெல்லாம் அதுதான். படம் பார்க்காதவர்கள்கூட வாதப் பிரதிவாதத்தை ஒப்பித்தார்கள். அப்பா அந்தக் கேசட்டை வாங்கி வைத்திருந்தார். வாங்கிய கேசட்டின் தலையில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் உடைக்கப்பட்டிருக்கும்; மேலே பதிவு செய்ய முடியாதபடிக்கு அது பூட்டு. அந்த ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் பூட்டு திறந்துவிடும் என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த ரகசியம். 1996 உலகக் கோப்பையின் ஒரு ஆட்டத்துக்கு, ரேடியோ வர்ணனையை நான் எதன் மேல் பதிந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது வேறு விஷயம்.

என்னைப் போன்ற பையன்கள் வீட்டில் செய்ததைப் பெரியவர்கள் பெரிய இடங்களில் செய்திருக்கிறார்கள். ஸ்பூல் டேப் விலை அதிகம். ஒலிபரப்பு முடிந்ததும் பழைய நிகழ்ச்சியை அழித்து அதே டேப்பில் அடுத்ததைப் பதிவது வானொலியில் சாதாரணமாக நடந்தது. பாட்டு ஒரு பருவத்துக்கு ஓடினால் போதும் என்று நினைத்த காலம் அது. அறுபது வருஷம் கழித்து ஒருத்தன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மோர்சிங்கின் கடைசி அதிர்வு எங்கே என்று தேடுவான் என்று யாருக்குத் தெரியும்?

நாம் மட்டும் அஜாக்கிரதைக்காரர்கள் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. உள்ளே எரிந்தவற்றில் இசை மாஸ்டர் டேப்புகளும் இருந்தன என்ற முழு விவரம் உலகத்துக்குத் தெரிய வந்தது 2019-ல், நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகு. நம்மிடம் எரிவதற்குக்கூடப் பல சமயம் பொருள் இருப்பதில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் ஓடியது. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை.

சத்தம் கூடியது, சங்கதி குறைந்தது

‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்ற முத்திரைக்கு நம் மக்கள் மயங்குகிறார்கள். அது என்ன செய்கிறது என்று நண்பர் கணினித் திரையில் காட்டினார். ஒரு பக்கம் தட்டிலிருந்து எடுத்த பாட்டின் அலை வடிவம்: மலை, பள்ளத்தாக்கு, நடுவில் சமவெளி. பல்லவிக்கு முன்னால் புல்லாங்குழல் தனியாக வரும் இடத்தில் கோடு மெலிந்து நூலாகிறது. இன்னொரு பக்கம் அதே பாட்டின் ‘ரீமாஸ்டர்’. மேலேயும் கீழேயும் கத்தரித்து விட்ட வேலிச்செடி மாதிரி ஒரே மட்டம். மெல்லிய இடமும் சத்தம், உச்சமும் சத்தம். காரிலும் சின்ன ஸ்பீக்கரிலும் இது ‘கும்’மென்று இருக்கும். மூன்று பாட்டு கேட்டால் தலை வலிக்கும்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று இன்னொரு வேலை. பழைய டேப்பின் ‘உஸ்’ஸென்ற ஓசையை மென்பொருள் வழித்தெடுக்கும்போது, அதோடு சேர்ந்து புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குவதும் போய்விடுகிறது. மிருதங்கத்தின் மீட்டுச் சொல் முடிந்து காற்றில் கரையும் அந்தக் கால் விநாடி போய்விடுகிறது. அந்தக் காலத்துப் பதிவு எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மொத்த வாத்தியக் கோஷ்டியும் ஒரே கூடத்தில். பாடகர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். கடைசிச் சரணத்தில் ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தக் கூடத்தின் காற்றும் பாட்டில் ஒரு வாத்தியம். அதை அழுக்கு என்று கழுவுகிறார்கள்.

எல்லா ரீமாஸ்டரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல காதும் நல்ல டேப்பும் சேர்ந்த இடத்தில், தட்டில் கேட்காத தம்புரா கேட்டிருக்கிறது. புதியது வரட்டும். அது வந்த அன்றே பழையது கடையிலிருந்து காணாமல் போவதுதான் என் புகார்.

சேகரிப்பவர்கள் செய்வது இதுதான். தட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்கிறார்கள். நிமிடத்துக்குச் சுமார் 35 எம்.பி. பிடிக்கும், எல்.பி.யின் இருபது நிமிடப் பக்கம் ஒன்றுக்கே 700 எம்.பி. கிட்டத்தட்ட ஆகும். அதை ஃபிளாக் என்ற சேதாரமில்லாத வடிவில் சுருக்கி வைப்பார்கள். நாம் ஒரு காலத்தில் பாட்டுக் கடையில் ஒரே சி.டி.யில் இருநூறு பாட்டு வாங்கினோமே, அந்த 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 அசல் சி.டி.யில் பதினொன்றில் ஒரு பங்குதான். வழக்கமாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் மெல்லிய ஒலிகளை வெட்டியிருக்கும். அப்படி வெட்டுப்பட்டதை மறுபடி பெரிய கோப்பாக மாற்றி ‘அசல் லாஸ்லெஸ்’ என்று கைமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குடத்தில் ஊற்றினால் பால் கூடுமா? வரைபடம் போட்டுப் பார்த்தால் குறிப்பிட்ட உயரத்தில் கத்தி வைத்து அறுத்த மாதிரி தெரிந்துவிடும். “இது போலி” என்று நண்பர் ஒரே பார்வையில் தள்ளுகிறார்.

பதிவோடு ஒரு குறிப்பும் வைக்கிறார். தட்டின் எண், லேபிள், ஓடி முடியும் இடத்தில் வழவழப்பான பகுதியில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், எந்த முள், எந்தத் தேதி, யாரிடம் வாங்கியது. கீறல் சத்தத்தை அவர் நீக்குவதில்லை. “நீக்கின காப்பி வேணும்னா தனியா ஒண்ணு பண்ணிக்கலாம். இது இப்படியேதான்.”

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. தொண்ணூறு வருஷத்து அரக்குத் தட்டு இன்றைக்கும் பாடுகிறது. இதே கோடம்பாக்கத்தில், வீட்டுப் பின்கட்டில் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய பஞ்சதன் ஸ்டூடியோவிலிருந்து 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, இனி பாட்டுக்கு அழிவே இல்லை, எல்லாம் கணினியில் என்று பேசிக்கொண்டோம். அந்தத் தலைமுறையின் டிஜிட்டல் டேப்புகளை ஓட்டும் இயந்திரங்களை இன்று உலகம் முழுக்கத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து மென்பொருள் கோப்பைத் திறக்க அந்தக் காலத்துக் கணினியே வேண்டும். அரக்குத் தட்டுக்கு ஒரு குண்டூசியும் காகிதக் கூம்பும் இருந்தால் போதும், ஏதோ ஒரு குரல் வரும்.

ராஜா, கோர்ட், ஓ.டி.டி.

முதல் வடிவம் நம் கண்ணெதிரே மறைகிற காட்சியைப் பார்க்க வேண்டும் என்றால், அறுபது வருஷம் பின்னால் போக வேண்டாம்.

2025 ஏப்ரல் 10-ல் அஜித் நடித்த ‘குட் பேட் அக்லி’ வெளியானது. இளையராஜாவின் மூன்று பழைய பாட்டுகள் அதில் வந்தன: ‘சகலகலா வல்லவன்’ (1982), ‘விக்ரம்’ (1986), ‘நாட்டுப்புறப் பாட்டு’ (1996) படங்களிலிருந்து. தியேட்டரில் அந்த இடங்களுக்கு விசில் பறந்தது. தன்னிடம் அனுமதி வாங்கவில்லை என்று ராஜா வழக்குப் போட்டார். உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் வாங்கினோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஓ.டி.டி.யிலிருந்து படம் இறங்கியது. பிறகு அந்தப் பாட்டுகள் இல்லாமல், வேறு இசை ஒட்டப்பட்டுத் திரும்பி வந்தது. ஏப்ரலில் தியேட்டரில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்த படமும் இப்போது வீட்டில் ஓடும் படமும் ஒன்றல்ல. படத்தின் பெயரில் எந்தக் குறிப்பும் இல்லை. பத்து வருஷம் கழித்து ஒரு பையன், “இந்த சீனுக்கா இவ்வளவு விசில் அடிச்சீங்க?” என்று அப்பாவைக் கேட்பான்.

ராஜாவின் கோரிக்கையை நான் குறை சொல்லவில்லை. தன் இசையில் தனக்குள்ள பங்கைக் கேட்க அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. அவருடைய தார்மிக உரிமையை 2019-ல் இதே உயர் நீதிமன்றம் அங்கீகரித்தது. இன்னொரு பக்கம், 536 ஆல்பங்கள் குறித்து சோனி நிறுவனம் தொடுத்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி ராஜா தரப்பு போட்ட மனுவை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பாட்டு யாருடையது என்பதைக் கோர்ட் சொல்லட்டும். தீர்ப்பு எப்படி வந்தாலும் காசு ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகும். அந்த 536-ன் முதல் டேப்புகள் எந்த அலமாரியில், எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்வியை இந்த வழக்குகளில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. சொத்துத் தகராறில் பங்காளிகள் பத்திரத்துக்கு அடித்துக்கொள்ளும்போது வீட்டுக் கூரை ஒழுகுகிற கதைதான்.

ரீமிக்ஸ் அலை அடித்தபோதும் இப்படித்தான் பயந்தோம். ‘படகோட்டி’ பாட்டு 2004-ல் ‘நியூ’வில் புது உடுப்புப் போட்டது. 2007-ல் ‘சொர்க்கம்’ பாட்டு ‘அழகிய தமிழ் மக’னுக்கும், ‘சாரங்கதரா’ பாட்டு ‘போக்கிரி’க்கும், ‘நினைத்தாலே இனிக்கும்’ பாட்டு ‘பொல்லாதவ’னுக்கும் வந்தன. பழையதைக் கெடுக்கிறார்கள் என்று பெரியவர்கள் திட்டினார்கள். இப்போது நினைத்தால் ரீமிக்ஸ் எவ்வளவோ நேர்மையான தொழில். வேறு குரல், வேறு தாளம். இது அது இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். கேட்டுவிட்டுப் பழையதைத் தேடிப் போனவர்கள் அதிகம். தேடிப் போனவர்களுக்கு அது அங்கே இருக்கவும் செய்தது.

பெயர் ஏன் வேண்டாம்

சேகரிப்பவர்கள் பெயர் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் சட்டம். அவர்களில் பாதிப் பேர் தங்கள் சொந்தத் தட்டைத் தாங்களே பதிந்து கேட்பதுகூடக் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில், தனிப்பட்ட உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அது ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். அதே திருத்தம், லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலாக வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் விநியோகிப்பதுதான் தப்பு.

ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான வருஷம் முடிந்ததிலிருந்து 60 வருஷம். ஆக 1965-ல் வெளிவந்த தட்டுகளின் காலம் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் பாட்டு வேறு, பதிவு வேறு. வாலி மறைந்தது 2013-ல், வரிகளின் உரிமை 2073 வரை. எம்.எஸ்.வி. மறைந்தது 2015-ல், மெட்டின் உரிமை 2075 வரை. தட்டில் உள்ள குரல் சுதந்திரம் வாங்கிய பிறகும் அது பாடுகிற பாட்டு காவலில் இருக்கும். சட்டப் புத்தகம் எழுதியவர்களுக்கு இதில் முரண் தெரியவில்லை; தட்டு வைத்திருப்பவருக்குத் தூக்கம் வருவதில்லை.

நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததில் பிறந்து, 1994-லிருந்து நடந்து வருகிறது. புத்தகங்களோடு கிராமபோன் தட்டுகளும், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் அங்கே உண்டு. பாட்டுப் புத்தகத்தை லேசாக நினைக்காதீர்கள். தணிக்கைக்கு முந்தைய வரி எது என்று தகராறு வந்தால் அதுவும் ஒரு சாட்சி. சென்னையிலேயே இசை வரலாற்றாளர் வி.ஏ.கே.ரங்காராவ் பல்லாயிரக்கணக்கான 78 வேகத் தட்டுகளை ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். ஆனால் இந்த முயற்சிகள் பெரும்பாலும் தட்டுக் காலத்தோடு நின்றுவிடுகின்றன. கேசட்டுக்கும் முதல் தலைமுறை சி.டி.க்கும் நாதி இல்லை. அவை இன்னும் ‘பழமை’ ஆகவில்லையாம். ஆவதற்குள் டேப் பூஞ்சை பிடித்துப் போகும்.

சேகரிப்பவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சேர்த்து வைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடாதவர்கள் உண்டு. பட்டியல் கிடையாது, இரண்டாவது பிரதி கிடையாது. எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில், அதுவும் மேஜை ஓரத்தில். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அது ஒரு கறுப்பு டப்பா. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய தட்டுக் கடைகளும் சேர்ந்து போயின. தீப்பிடிக்காமலே வீடுகளில் அதே நஷ்டம் நடந்துகொண்டிருக்கிறது. வாகினி ஸ்டூடியோ இருந்த வடபழனியில் இன்று ஆஸ்பத்திரியும் மாலும் நிற்கின்றன. கூடங்களைத்தான் விட்டுவிட்டோம்.

ஆகவே கோடை விடுமுறையில் பரண் ஏறப்போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். தட்டோ கேசட்டோ கிடைத்தால் பழைய பேப்பர்காரர் தராசில் வைக்காதீர்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெள்ளை படிந்த கேசட்டை ஆர்வத்தில் உடனே போட்டுப் பார்க்காதீர்கள், டேப் அறுந்துவிடும். கேசட் தலையில் பல் இருந்தால் உடைத்துவிடுங்கள்; வீட்டில் ஒரு பையன் எப்போதும் இருப்பான். ஒரு நோட்டில் தட்டு எண்ணையும் படத்தின் பெயரையும் எழுதுங்கள். எழுதிய பட்டியலோடு தரமணிக்கு ஒரு நடை போய், அவர்களிடம் இல்லாதது எது என்று கேட்டுப் பாருங்கள்.